வாசகர் கேள்வி–பதில்: எங்கள் ஊர் ஓடையும் உலக இலக்கும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் நாங்கள் எட்டுப் பேர், எங்கள் ஊர் ஊற்றையும் அதிலிருந்து இறங்கும் ஓடையையும் சீர்செய்ய விரும்புகிறோம். ஒரு பயிற்சி வகுப்பில் ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளைப் பற்றிச் சொன்னார்கள். இவ்வளவு சிறிய ஓடைக்கும் உலக வளர்ச்சிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: நிச்சயமாக உண்டு. 2015ஆம் ஆண்டு ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை 2030ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டும். அவற்றுள் ஆறாவது, தண்ணீரையும் துப்புரவையும் பற்றியது. நீர் மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கேற்பை வலுப்படுத்த வேண்டும் என்று அதன் உட்பிரிவு ஒன்று தெளிவாகவே கூறுகிறது. உங்களைப் போன்றவர்கள் ஓடையில் இறங்காவிட்டால் அந்த வரி ஏட்டோடு நின்றுவிடும். உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து காவிரியில் கலக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஊற்று விழும் இடத்தில் 10 லிட்டர் வாளியை வைத்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்து எழுதுங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். கோடையில் அது எவ்வளவு குறைகிறது, மழைக்குப் பின் எத்தனை நாளில் மீள்கிறது என்பது ஓர் ஆண்டில் உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீர் சுமந்து பழகிய பாட்டிமார்களிடம், முன்பு எந்த மாதத்தில் வற்றும் என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பிப் பழத்தின் தோலை நீக்கிக் கழுவிய நீர் ஓடையில் விடப்பட்டால் தண்ணீர் பழுப்பேறிப் புளித்த வாடை வீசும். அந்தக் கழிவு அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் மீன்கள் தாங்கமாட்டா. அப்படி நேர்ந்த நாளையும் குறித்துவைத்து, தோட்டக்காரரிடம் பகையின்றிப் பேசி, கழிவுநீரைக் குழியில் தேக்கச் சொல்லலாம்.

மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 2010ஆம் ஆண்டு சேலம் மக்கள் குழுவினர் அதைச் சீரமைத்தபோது, வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அவை பறவைகளின் தங்குமிடம். வெறும் ஆர்வத்தால் மட்டும் வந்ததன்று, இடத்தைப் படித்தறிந்ததால் வந்த யோசனை அது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இதற்குச் சங்கமாகப் பதிவு செய்தாக வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். ஆனால் நன்கொடை திரட்டும் எண்ணம் இல்லாதவரை முதல் ஆண்டில் அதற்கு அவசரம் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே கிராம சபையின் உறுப்பினர்தான். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபைக்கு அந்த நோட்டை எடுத்துச் சென்று அளவுகளை வாசியுங்கள். ஊற்றைக் காக்கும் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் செய்து, கையெழுத்திடும் முன் அதைச் சபையில் உரக்க வாசிக்கவும் கேளுங்கள்.