ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஓராண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளிகளின் பாடத்துறைகளைக் குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். பெற்றோர் கூட்டத்தில் ‘இயற்பியல் துறை’, ‘வணிகவியல் துறை’ என்று பேசினார்கள். கல்லூரியைப் போலப் பள்ளியிலும் துறைகள் உண்டா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: பேச்சு வழக்கில் உண்டு, கல்லூரியில் உள்ளதைப் போன்ற தனி அமைப்பாக இல்லை. மேல்நிலை வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்தையும் முதுகலை ஆசிரியர் கற்பிக்கிறார். ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளைப் பட்டதாரி ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள். நகரத்துப் பெரிய பள்ளியில் ஒரு பாடத்துக்கு இரண்டு முதுகலை ஆசிரியர்கள் இருக்கக்கூடும். சிறிய ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் ஒருவரே முழுத் துறையும் ஆவார். அவர் ஓய்வு பெற்றாலோ, பணியிட மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குச் சென்றுவிட்டாலோ, அந்தத் துறையே காலியாகிவிடும். தற்காலிக ஆசிரியர் வரும்வரை கடந்துபோகும் வாரங்களை மாணவர்கள் பின்னால் ஈடுசெய்வது எளிதன்று. ஆகவே, ஜூன் மாதக் கூட்டத்திலேயே எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கும் இடம் உண்டு என்பதால், அங்கே அதை எழுப்பவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கும்போது கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு ஜூனில்தான் மதிப்பு அதிகம்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்கிறார்கள். அப்படியானால் அந்த ஆண்டை யார் பொருட்படுத்துவார்கள்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நியாயமான கவலை. 2017-18 கல்வியாண்டில் அந்தப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கே காரணம், பல பள்ளிகள், குறிப்பாகத் தனியார் பள்ளிகள், பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு ஓராண்டு முன்னதாகவே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை நடத்தியதுதான். மேல்நிலைத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணும் 1200-லிருந்து 600 ஆக, பதினொன்றாம் வகுப்புக்கு அதே ஆண்டிலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு அடுத்த ஆண்டிலும் குறைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. மேல்நிலையில் இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிய மாணவர்களின் சுமை இதனால் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்காணிக்கும் பொறுப்பு இப்போது துறைகளின் தலையில்தான் விழுந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வெக்டரையும் வகை நுண்கணிதத்தின் தொடக்கத்தையும் சரியாகப் பிடிக்காத மாணவனுக்கு அடுத்த ஆண்டின் மின்னியல் பாடங்கள் விளங்கமாட்டா. நீட், ஜேஇஇ தேர்வுகளும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்களைக் கேட்கின்றன. உங்களுக்குத் தெரிந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனின் காலாண்டுத் தேர்வு விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். அதில் ஆசிரியரின் சிவப்பு மை எந்த அளவுக்கு இருக்கிறது என்பதே அந்தத் துறை அந்த ஆண்டை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று சொல்லிவிடும்.

கேள்வி: செய்முறைத் தேர்வில் எல்லாருக்கும் ஏறக்குறைய முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறதாமே? பிறகு ஆய்வகம் எதற்கு?
— வாசகர், விருதுநகர்

பதில்: செய்முறை உள்ள அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் தாராளம் காட்டப்படுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 எடுக்காதவன், மற்ற 30 மதிப்பெண்ணையும் முழுதாகப் பெற்றிருந்தாலும் தேர்ச்சி பெற மாட்டான். எனவே அந்தத் தாராளம் தேர்ச்சிக்கு உறுதி அளிப்பதில்லை.

ஆய்வகத்தின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. பிப்ரவரிச் செய்முறைத் தேர்வுக்கு முன்னால், ஜனவரியில் அவசரமாக எல்லாச் சோதனைகளையும் காட்டி முடிக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே பையன்கள் பதிவேட்டில் அளவீடுகளை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொள்கிறார்கள். மாறாக, ஜூலையிலேயே ஆய்வகத்தைத் திறந்து, பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் கணத்தைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பை ஒவ்வொருவனுக்கும் கொடுக்கும் வேதியியல் ஆசிரியரின் வகுப்பில், பாடநூலைப் புரட்டாத பையன்கூட மோலார் கணக்கை ஏன் போடுகிறோம் என்று அறிந்துகொள்கிறான். பையன்கள் கையால் செய்து கற்பதை விரும்புகிறார்கள் என்று எல்லாருமே சொல்கிறோம். பிறகு ஏழு மாதம் ஆய்வகத்தைப் பூட்டி வைக்கிறோம்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் தேர்ச்சி விகிதத்தில் மாணவர்கள் மாணவிகளைவிடப் பின்தங்குவது ஏன்? ஆசிரியர்களின் குறையா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: 2024-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாணவிகள் 96.44 விழுக்காடும் மாணவர்கள் 92.37 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். 2025-இல் அது முறையே 96.70, 93.16 என்று இருந்தது. ஆண்கள் பள்ளியில் இந்த இடைவெளி ஒளிந்துகொள்ள இடமில்லை. இருபாலர் பள்ளியைப் போல மாணவிகளின் தேர்ச்சி மொத்தக் கணக்கைத் தூக்கிப்பிடிக்க அங்கே வழியில்லை.

காரணங்களில் முதன்மையானது வருகை என்றே நான் கருதுகிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்குக் கூலி தரப் பலர் காத்திருக்கிறார்கள். திருமண மாதங்களில் பந்தி பரிமாறும் வேலை, தீபாவளிக்கு முன் துணிக்கடை வேலை, கட்டட வேலையில் சென்ட்ரிங், அறுவடைக் காலத்தில் வயல் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று அழைக்கிறது. இரண்டு வாரம் காணாமல் போய்த் திரும்பும் பையன், கணக்குப்பதிவியலில் சரிக்கட்டுப் பதிவுகளையும் கணிதத்தில் ஓர் இயலையும் மொத்தமாக இழந்துவிடுகிறான். திரும்பி வந்தவனை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேலி செய்தால் அடுத்த வாரமும் வரமாட்டான். அவன் வராத நாட்களின் பாடத்தை மாலையில் உட்கார வைத்து நடத்தினால் தங்கிவிடுவான். இதை ஓர் ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது. வகுப்பாசிரியர் அழைத்துவந்த பையனைக் கணிதத் துறையும் ஆங்கிலத் துறையும் ஏற்றுக்கொண்டால்தான் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. கணிதம், மொழிப்பாடங்கள், வணிகவியல் ஆகியவற்றில் செய்முறை மதிப்பெண் கிடையாது. எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10 என்பதால், தவறவிட்ட பாடம் நேரடியாகத் தேர்வில் வெட்டுகிறது.

ஜனவரி முதல் இரவு வரை நடக்கும் சிறப்பு வகுப்புகளைப் பெருமையாகச் சொல்லும் பள்ளிகளிடம், காலாண்டுத் தேர்வுக்கு முன் நீண்ட நாள் வராதோர் பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: கலைத் திருவிழா, விளையாட்டுப் போட்டி என்று அக்டோபர் முழுவதும் போய்விடுகிறது. படிப்பு கெடாதா?
— வாசகர், சேலம்

பதில்: கெடாது. ஒரு மாத இடையூறால் கெடும் படிப்பு முன்பே கெட்டிருக்கும்.

கேள்வி: வணிகவியல் பிரிவைப் ‘படிப்பு வராதவர்களுக்கான பிரிவு’ என்று எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இது சரியா?
— வாசகர், ஈரோடு

பதில்: தவறு மட்டுமல்ல, தீங்கும் கூட. பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை அங்கே தள்ளிவிட்டு, பிறகு அந்தத் துறையின் தேர்ச்சி குறைவதாக ஆண்டு இறுதிக் கூட்டத்தில் கணக்குக் கேட்பது முறையன்று. ஈரோட்டைப் போன்ற சந்தை நகரத்தில், மஞ்சள் மண்டியிலும் ஜவுளிக் கடையிலும் பற்று வரவுப் பேரேட்டைப் பார்த்து வளர்ந்த பையன்கள் இரட்டைப்பதிவு முறையை எளிதாக உள்வாங்குகிறார்கள். அந்தப் பின்புலத்தைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியரிடம் அவர்கள் கணக்குத் தணிக்கையாளர் தேர்வு வரை கனவு காண்கிறார்கள்.

கேள்வி: மே மாதம் முடிவு வந்தபின் தோல்வியடைந்த பையன்களுக்குப் பள்ளி ஏதாவது செய்ய வேண்டுமா? அவர்கள்தான் பள்ளியை விட்டுப் போய்விட்டார்களே?
— வாசகி, கடலூர்

பதில்: துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடக்கிறது, தவறிய பாடங்களை மட்டும் எழுதினால் போதும், அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம். ஆனால் விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு; அதற்குள் பையன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் சங்கதி முடிந்தது. முடிவு வெளியான அன்று மாலையே அந்தந்தப் பாட ஆசிரியர் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது நல்லது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் அந்த அழைப்பிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடலாம்; 2024 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தை அறியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.