கிணற்றுத் தண்ணீரில் திரளும் லிப்போசோம்கள்

வணக்கம். காய்ச்சி வடித்த நீரில் −45 மில்லிவோல்ட் சீற்றா மின்னழுத்தம் (துணிக்கைகள் ஒன்றையொன்று எவ்வளவு தள்ளும் என்பதைக் காட்டும் அளவு) காட்டிய உங்கள் வேப்பெண்ணெய் லிப்போசோம்கள், அதாவது நுண்ணிய கொழுப்புப் பைகள், கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீரில் கலந்ததும் −8 ஆகித் திரண்டதாக எழுதியிருந்தீர்கள். தயாரிப்பில் பிழையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நமது கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம், நீங்கள் சேர்த்த பொஸ்பாட்டிடைல்கிளிசரோல் என்ற கொழுப்பின் மறையேற்றத்தைப் பற்றிக்கொள்கிறது; ஏனைய உப்புகளும் துணிக்கையைச் சூழ்ந்த, அயன்களாலான மின்னிரட்டைப் படலத்தை ஒடுக்குவதால், ஒன்றையொன்று தள்ளும் விசை குன்றி அவை ஒட்டிக்கொள்கின்றன. சீற்றா மின்னழுத்தம் துணிக்கைக்கு மட்டும் உரிய எண்ணன்று, ஊடகத்துக்கும் உரியது. ஊடகத்தையும் பிஎச் பெறுமானத்தையும் குறிப்பிடாத அளவீட்டை நான் நம்புவதில்லை. 10 மில்லிமோலர் சோடியம் குளோரைட்டில் மீண்டும் அளவிடுங்கள். பின்னர் கிணற்றுத் தண்ணீரில் கல்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் ஈடிடிஏ சிறிது இட்டு, பிஎச்சைச் சரிசெய்து, புதிய மாதிரியொன்றைக் கலந்து பாருங்கள். அது திரளாவிட்டால் காரணம் பெரும்பாலும் கல்சியமே. வயலுக்குத் தெளிக்க, மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் போதும்.