பெற்றோருக்கு எச்-1பி, மகளுக்குக் குடியுரிமை: ஃபாஃப்சா போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. எனக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லை. இங்கேயே பிறந்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். படிப்புக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசிடம் நிதியுதவி கேட்கும் ஃபாஃப்சா படிவத்தைப் போடலாம் என்றால், "உங்கள் விசாவுக்கும் சம்பளத்துக்கும் ஒன்றும் வராது" என்கிறார்கள். சென்னையில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. அதையும் காட்ட வேண்டுமா?

பதில்: கட்டாயம் போடுங்கள். உதவி கேட்பவர் உங்கள் மகள். அவள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். பெற்றோரின் விசா அவள் தகுதியைக் குறைக்காது. இந்தியாவில் பிறந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லாதது தங்கைக்குக் கிடைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும்.

சம்பளத்தைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை. திருப்பிக் கட்ட வேண்டாத பெல் மானியம் (2025-26இல் உச்சம் 7,395 டாலர்) வருமானம் குறைந்த குடும்பங்களுக்கானது. ஆனால் மாணவர் பெயரில் தரும் கூட்டாட்சிக் கடனுக்கு வருமான வரம்பு கிடையாது. முதல் ஆண்டில் 5,500 டாலர் வரை, யாரும் ஜாமீன் போடாமலே கிடைக்கும். பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடன் எச்-1பிகாரர்களுக்கு இல்லை. அந்தக் காரணத்தைச் சொல்லி, மகளுக்குக் கூடுதல் கடன் தர முடியுமா என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். பலருக்கு இது தெரிவதே இல்லை. தவிர, பல கல்லூரிகள் தங்கள் சொந்த மானியத்துக்கும் இந்தப் படிவத்தைத்தான் பார்க்கின்றன.

உங்களுக்கு எண் இல்லாதது தடையல்ல. கூட்டாக வரித் தாக்கல் செய்திருந்தால் படிவத்துக்கான இணையக் கணக்கைக் கணவர் மட்டும் தொடங்கிக் கையெழுத்திட்டால் போதும். மகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். வரி விவரத்தை ஐஆர்எஸ்ஸிடமிருந்து (அமெரிக்க வரித்துறை) நேரடியாக எடுக்கக் கணவர், மகள் இருவருமே ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கூட்டாட்சி உதவி எதுவும் கிடைக்காது.

ஃபிளாட்டைக் காட்டத்தான் வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீடும் 401(கே) என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பும் கணக்கில் வராது. மற்ற சொத்து உலகில் எங்கிருந்தாலும் வரும். படிவம் நிரப்பும் நாளின் சந்தை விலையிலிருந்து அந்த ஃபிளாட்டின் மீதுள்ள கடனைக் கழித்து, மீதியை டாலரில் எழுதுங்கள். ஊரில் மாமனார் பெயரில் இருக்கும் நிலம் உங்கள் சொத்தல்ல, எழுத வேண்டாம். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கு மட்டும். உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று பயப்படாதீர்கள்: குடும்பத்தின் வசதியை எடைபோடும் கணக்கில், பெற்றோர் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் சேரும். மகள் பெயரில் உள்ள பணத்தில் 20 சதவீதம் சேரும். தாத்தா பாட்டி ஆசையாகப் பேத்தி பெயரில் போட்ட டெபாசிட்டைக் கவனிக்க வேண்டியது அதனால்தான்.

படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும், கட்டணம் கிடையாது. கூட்டாட்சிக் கெடு நீண்டது. மாநிலங்களும் கல்லூரிகளும் வைக்கும் கெடு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். 2026-27க்குப் பார்ப்பது 2024 வருமானம். அதன்பின் கணவருக்கு வேலை போயிருந்தாலோ சம்பளம் குறைந்திருந்தாலோ, பணிநீக்கக் கடிதத்தோடு நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். இன்றைய நிலையை வைத்துக் கணக்கை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.