முஅல்லகாவில் இலக்கணப் பிழையா?

கேள்வி: மதரஸாவில் நஹ்வு (அரபு இலக்கணம்) ஓதுகிறேன். உனைஸா போன்ற பெண்பெயர்கள் தன்வீன் (சொல்லின் இறுதியில் சேரும் ‘ன்’ ஒலி) ஏற்காது என்பது பாடம். ஆனால் பழைய அரபுக் கவிஞர் இம்ரஉல் கைஸின் புகழ்பெற்ற நெடுங்கவிதையான முஅல்லகாவில் ‘உனைஸதின்’ என்றே இருக்கிறது. அச்சுப்பிழையா? நானும் அப்படி எழுதலாமா?

பதில்: அச்சுப்பிழை இல்லை. உரைநடையில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள்.

அடியை வாய்விட்டு ஓதிப் பாருங்கள்: ‘வயவ்ம தகல்துல் கித்ர கித்ர உனைஸதின்’. இது தவீல் பஹ்ர், அதாவது தவீல் என்னும் யாப்பு வகை. அந்த இடத்தில் நெட்டசை வந்தாக வேண்டும். விதிப்படி ‘உனைஸத’ என்றால் குறிலில் முடிந்து ஓசை இடறும். இதற்குப் பெயர் ளரூரத், அதாவது யாப்பின் நிர்ப்பந்தம். 8ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் சீபவைஹி, ‘அல்கிதாப்’ நூலில் கவிதைக்கு உள்ள சலுகைகளைச் சொல்லும்போது முதலில் எடுப்பதே இதைத்தான். தன்வீன் ஏற்பதுதான் பெயர்ச்சொல்லின் மூல இயல்பு; கவிஞர் அந்த மூலத்துக்குத் திரும்புகிறார், அவ்வளவே. நிர்ப்பந்தத்தில் செய்வதற்கும் அரபிகள் ஒரு நியாயம் வைத்திருப்பார்கள் என்பது அவர் நிலை.

எல்லா அடியும் இப்படிச் சுலபமாக வழிக்கு வராது. கவிஞர் ஃபரஸ்தக் ஓர் அடியை ‘இல்லா முஸ்ஹதன் அவ் முஜல்லஃபு’ என்று முடித்தார். ‘முஸ்ஹதன்’ நஸ்பு, அதாவது செயப்படுபொருள் வேற்றுமை. ‘அவ்’ (அல்லது) மூலம் அதோடு இணையும் ‘முஜல்லஃபு’ கவிதையின் இயைபுக்காக ரஃப்உ, அதாவது எழுவாய் வேற்றுமை! எதை வைத்து ரஃப்உ கொடுத்தீர் என்று இலக்கண அறிஞர் இப்னு அபீ இஸ்ஹாக் கேட்க, “உமக்கு எரிச்சல் மூட்டுவதை வைத்துத்தான், சொல்வது எங்கள் வேலை, விளக்குவது உங்கள் வேலை” என்றாராம். நஹ்வுக்காரர்களும் விடவில்லை. ‘ஹுவ’ (அது) என்ற எழுவாய் தொக்கி நிற்கிறது என்றார் ஒருவர், ஒரு வினை மறைந்திருக்கிறது என்றார் இன்னொருவர். இவ்வளவு பாடுபட்டும் மனம் ஒப்பும் பதில் வரவில்லை என்று சலித்துக்கொண்டார் அறிஞர் இப்னு குதைபா. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

10ஆம் நூற்றாண்டில் இலக்கண அறிஞர்களிடையே இரண்டு கட்சி. ளரூரத்தைக் கையாளும் கவிஞர் கடிவாளமின்றி முரட்டுக் குதிரை ஏறுபவர், அது பலவீனமல்ல, துணிச்சல் என்றார் இப்னு ஜின்னி. கவிஞரும் மனிதர்தானே, பிழையைப் பிழை என்று சொல்லுங்கள் என்றார் இப்னு ஃபாரிஸ்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: விதி மீறிய சொல்லைக் கண்டால் முதலில் அடியை அலகிட்டுப் பாருங்கள். அப்புறம் கவிஞரின் காலம். ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு, கவிஞர் இப்னு ஹர்மாவோடு, ஆதாரமாகக் காட்டத்தக்க கவிதை முடிந்தது என்பது பரவலான வழக்கு. 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் முதனப்பியின் அடியை ரசிக்கலாம். நஹ்வு விதிக்குச் சான்றாகத் தேர்வுத்தாளில் வைக்க முடியாது.