கட்டுடைப்பு என்றால் குளக்கட்டா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இலக்கியக் கோட்பாடு பற்றியவை. உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது போலிருக்கிறது. வழக்கமாக வரும் எழுத்துப்பிழைச் சண்டைகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: ஐயா, "ஆசிரியன் இறந்துவிட்டான்" என்று ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னாராம், எழுதினவரை நினைக்காமல்தான் கவிதையைப் படிக்கவேண்டுமாம். ரியூஷனில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மாமா எழுதிய கவிதைக் கொப்பி ஒன்று இருக்கிறது. மாமா இல்லை. அதில் ஓரிடத்தில் "மழை" என்று எழுதி, அதை வெட்டிவிட்டு "மாரி" என்று எழுதியிருக்கிறார். மாமாவை நினைக்காமல் அதை நான் எப்படிப் படிப்பது?
— மாணவி, மல்லாவி

பதில்: பிள்ளை, உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொன்னவர் ரோலன் பார்த். 1967இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வந்த சின்னக் கட்டுரை அது. பிரெஞ்சில் அடுத்த வருடம்தான் வந்தது. பால்சாக்கின் கதையிலிருந்து ஒரு வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இதைப் பேசுவது யார்?" என்று கேட்டுத் தொடங்குகிறார். கதையின் பாத்திரமா, பால்சாக் என்ற மனிதரா, அந்தக் காலத்து ஊர்வாயா? அதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பது அவர் கட்சி. அவர் யாரோடு சண்டை பிடித்தார் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கவிதையைக் கையில் கொடுத்தால் கவிஞர் யாரைக் காதலித்தார், எப்போது கடன்பட்டார் என்று தோண்டி, கிடைத்ததைப் "பொருள்" என்று அறிவித்துக் கதவைப் பூட்டுகிற விமர்சகர்களோடுதான் அவருக்குச் சண்டை. நானும் முப்பது வருடம் "ஆசிரியர் வரலாறு" என்று தலைப்புப் போட்டுப் படிப்பித்தவன்தான். பிள்ளைகள் அதைப் பாடமாக்கிவிட்டுக் கவிதையை விட்டுவிடுவார்கள்.

இப்போது அந்த வெட்டுக்கு வா. மழை ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடும். மாரி அப்படியில்லை, அது ஒரு பருவம். ஐப்பசியில் தொடங்கினால் மார்கழி தாண்டும், காலபோகம் முழுக்க அதற்குள்தான். அதோடு மாரி என்பது அம்மன் பெயரும். "மழை" நின்ற இடத்தில் "மாரி" வந்ததும் அந்த வரிக்கு நாள்கணக்குக் கூடுகிறது, ஒரு தெய்வமும் வந்து நிற்கிறது. பக்கத்து வரிகளில் மகர ஓசை எப்படி ஓடுகிறது என்றும் பார். இவ்வளவையும் மாமாவை ஒருநாளும் காணாத நானே சொல்லிவிட்டேன் அல்லவா? பார்த் கேட்டது இந்த வேலையைத்தான்.

மாமாவை மறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவராலேயே அது முடியவுமில்லை. 1977இல் அவருடைய தாய் இறந்துபோனார். 1980இல் வந்த கடைசிப் புத்தகம் புகைப்படங்களைப் பற்றியது. அதில் பாதி, தாய் ஐந்து வயதில் ஒரு கண்ணாடிச் செடிவீட்டில் நிற்கும் படத்தைச் சுற்றியே நடக்கிறது. மற்றப் படங்களையெல்லாம் அச்சிட்டவர் அந்தப் படத்தை மட்டும் போடவில்லை. உங்களுக்கு அது எத்தனையோ படங்களில் ஒன்று, எனக்கு அப்படியில்லை என்கிறார். எங்கள் பக்கத்தில் தாயின் படமே மிஞ்சாத வீடுகள் எத்தனை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆசிரியனைச் சாகடித்த மனுசன்தான் இப்படி எழுதினார்.

கொப்பியை மட்டும் பொலித்தீன் உறைக்குள் போட்டு வை. அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடு, வெட்டுகளும் தெரியத்தக்கதாக.

*

கேள்வி: "கட்டுடைப்பு" என்று கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அது என்ன? எங்களுக்குத் தெரிந்த கட்டுடைப்பு குளக்கட்டு உடைவதுதான்.
— விவசாயி, முத்தையன்கட்டு

பதில்: இந்தச் சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்கள் அல்ல போல. எங்களுக்கு அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் உங்கள் உவமை அந்தக் கட்டுரைகளை விட நல்ல விளக்கம். இந்த வாசிப்பு முறையைத் தொடங்கிவைத்த ழாக் தெரிதா அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1967இல் மட்டும் மூன்று புத்தகங்கள் போட்டார். மண்வெட்டியோடு போய்க் கட்டை வெட்டுகிற ஆள் என்று அவரைப் பலர் நினைக்கிறார்கள். அவர் செய்தது மாரிக்கு முன்னம் கட்டின்மேல் நடந்து பார்க்கிற வேலை. எங்கே ஈரம் கசிகிறது, எங்கே எலி வளை போட்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பீர்களே, அது. ஒரு பிரதி, அதாவது எழுதிவைத்த எதுவும், "இதுதான் மேல், அது கீழ்" என்று உறுதியாகக் கட்டு எழுப்பும். பேச்சு மேல் எழுத்து கீழ், ஆண் மேல் பெண் கீழ், இப்படி. அந்தக் கட்டை எழுப்பிய அதே சொற்களுக்குள்ளேயே கசிவும் இருக்கும். அதைக் காட்டுவதுதான் வேலை. வளையைப் போட்டது எலி, பார்க்கப் போனவர் இல்லை.

தெரிதாவை மூலத்தில் நான் படித்ததில்லை. ஆங்கிலத்தில் முட்டி மோதியதுதான். ஒரு பக்கத்துக்கு இரண்டு தேத்தண்ணி முடியும்.

*

கேள்வி: கைலாசபதி, சிவத்தம்பி காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இனி அவர்களைப் படிக்க வேண்டுமா?
— ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: சேர், என்னிடம் கைலாசபதியின் "ஒப்பியல் இலக்கியம்" இருந்தது. ஓரமெல்லாம் பென்சிலால் சண்டை பிடித்து வைத்திருந்தேன். 2009இல் விட்டுவந்த பெட்டியோடு அது போயிற்று. பல வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதி வாங்கி, பஸ்ஸிலேயே விரித்தேன். சுத்தமான ஓரங்கள். எனக்கு அது வேறு புத்தகம் போலத்தான் இருந்தது. பழைய பிரதியில் பாதியை நான் எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

கேள்விக்கு வருகிறேன். கைலாசபதி பேமிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க இலக்கிய அறிஞரிடம் சங்கப் பாட்டைப் பற்றி ஆய்வு செய்தார். அது 1968இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்தது. மில்மன் பரி, அல்பேட் லோர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் யூகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களைப் பாடவிட்டு, ஆயிரக்கணக்கான அடிகளை அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு செய்தவர்கள். தயாரான சொற்றொடர்களை இடத்துக்கு ஏற்றபடி கோத்துக்கொண்டு போகிறார்கள் என்று கண்டார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைலாசபதி சங்கப் பாட்டைப் பார்த்தார். சங்கப் புலவர்கள் வாய்மொழிப் பாணர்கள் அல்ல, பாணர்களின் பாணியை எடுத்துக்கொண்ட படித்த புலவர்கள் என்று பிறகு ஜோர்ஜ் ஹார்ட் போன்றவர்கள் மறுத்து எழுதினார்கள். மறுத்தவர்கள் பக்கம்தான் என் சாய்வு. ஆனால் எங்கள் அரிவி வெட்டுப் பாட்டுக்கு அந்தக் கண்ணாடி அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. முன்னுக்கு நிற்கிறவர் ஒரு அடியைத் தூக்கிக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, அரிவாள் அசைவுக்கு ஏற்றபடி அடி நீளும், குறுகும். யார் இயற்றியது என்று வயலில் ஒருவரும் கேட்டதில்லை.

இந்த எழுத்து யாருக்காக, எந்தச் சமூகத்திலிருந்து வருகிறது என்ற கேள்வியை எங்களுக்குப் பழக்கியவர்கள் அவர்கள் இருவரும். கைலாசபதியிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கவிதையின் ஓசைக்கு அவர் போதிய நேரம் கொடுக்கவில்லை. சிவத்தம்பிக்கு நாடகக் காது இருந்தது. ஆனால் அவருடைய ஒரு வசனம் தொடங்கி முடிய மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி போய்விடலாம். படியுங்கள் சேர், பென்சிலோடு.

*

கேள்வி: சிலப்பதிகாரத்தில் கண்ணகி சேர நாட்டு மலைக்குப் போகிறாள். வற்றாப்பளைக்கு வந்தாள் என்கிறார் அம்மம்மா. எது சரி?
— வாசகி, முள்ளியவளை

பதில்: அம்மம்மாவோடு வாதாடி வெல்ல ஆசையிருந்தால் என்னைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

1971இல் ஸ்ரான்லி ஃபிஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், முதல் வகுப்புக்காகக் கரும்பலகையில் மொழியியலாளர் சிலரின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். அடுத்து வந்த வகுப்பு பதினேழாம் நூற்றாண்டுச் சமயக் கவிதை படிப்பது. பெயர்களைச் சுற்றி ஒரு கட்டம் கீறி, மேலே "பக்கம் 43" என்று போட்டு, "இது ஒரு சமயக் கவிதை, விளக்குங்கள்" என்றார். பிள்ளைகள் விளக்கினார்கள்! ஜேக்கப்ஸ் என்ற பெயரில் விவிலியத்து யாக்கோபின் ஏணியைக் கண்டார்கள், ரோசன்பாமில் ரோசாச் செடியையும் அதன் வழியே மரியாளையும் கண்டார்கள். பொருள் பலகையில் இல்லை, ஒரே மாதிரி வாசிக்கப் பழகிய கூட்டத்தில் இருக்கிறது என்று ஃபிஷ் முடிவு கட்டினார்.

நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஜேர்மனியரான வூல்ஃப்காங் ஈசர் சொல்வது எனக்கு நெருக்கம். பிரதி சில இடங்களை வெறுமையாக விடும், வாசகர் அதை நிரப்புவார் என்கிறார் அவர். இளங்கோ என்ன செய்கிறார்? மதுரை எரிந்த பிறகு பதினான்கு நாள். வைகைக் கரையோடு மேற்கே நடக்கிறாள், வேங்கை மர நிழலில் நிற்கிறாள். ஒற்றை முலையோடு நடந்த ஒரு பெண் அந்த நாட்களில் என்ன சாப்பிட்டாள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று காவியம் நின்று சொல்லாது. எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் கதையில், கிழவி வேடத்தில் வந்தவளுக்கு மாடு மேய்த்த பெடியங்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை, கடல்நீரை ஊற்றி எரிக்கிறார்கள். தலை கடிக்கிறது, பேன் பார் என்கிறாள். மயிரை விலக்கினால் தலையெல்லாம் கண். வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் உப்புநீரில்தான் விளக்கு எரிகிறது. இளங்கோ விட்ட இடைவெளியை நிரப்ப இதைவிட நல்ல காட்சி என்னால் யோசிக்க முடியவில்லை.

பரீட்சையில் மட்டும் சேர நாடு என்று எழுதுங்கள்.

*

கேள்வி: கோட்பாடு படித்தால் ரசனை கெட்டுப்போகாதா?
— வாசகர், விசுவமடு

பதில்: கெடும், கோட்பாட்டை மட்டும் படித்தால். ஆனால் கோட்பாடே இல்லாமல் படிக்கிறவர் என்று ஒருவரும் இல்லை.

எனக்குப் பத்து வயது. பாலைத்திணை என்றால் பிரிவு, வெயில், வறண்ட வழி என்று வாத்தியார் சொல்கிறார். எனக்கோ வாய் ஊறுகிறது. பாலை என்றால் ஆனி மாதத்தில் சுண்டால் அளந்து விற்கிற மஞ்சள் பழம், தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். திணைக்குப் பெயர் தந்த பாலை வேறு மரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குள் என் தலைவன் பொருள் தேடிப் பிரிந்து பழம் பொறுக்கப் போய்விட்டான். பிரதியைத் திறக்க முன்னமே நாங்கள் கையில் கொண்டுவருகிற இந்தச் சாமானைத்தான் ஹன்ஸ் ரொபேட் யௌஸ் என்ற ஜேர்மன் கோட்பாட்டாளர் எதிர்பார்ப்பின் அடிவானம் என்றார். என்னுடைய அடிவானத்தில் ஒரு பழமரம் நின்றது, அவ்வளவுதான். அந்தப் பழம் இல்லாமல் என்னால் இன்றும் ஒரு பாலைப்பாட்டைப் படிக்க முடியாது, படிக்கவும் விரும்பவில்லை.

தொடங்க நினைத்தால் தமிழவனின் "ஸ்ட்ரக்சுரலிசம்" இருக்கிறது, அமைப்பியல் என்ற கோட்பாட்டைப் பற்றியது, 1982இல் வந்தது. கொஞ்சம் கடினம், ஆனாலும் தமிழிலேயே யோசித்த புத்தகம். என்னிடம் ஒரு பிரதி உண்டு, சனிக்கிழமை வந்தால் இரவல் தரலாம். பாலைப்பழம் தின்ற கையோடு மட்டும் வராதீர்கள். 16ஆம் பக்கமும் 17ஆம் பக்கமும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.