ரேடியேட்டர் மேலே வேண்டாம், தண்ணீரும் கூட்ட வேண்டாம்

தம்பி, குளிர் நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு குட்டி ஃபிடில் லீஃப் ஃபிக் (வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் அத்தி வகைச் செடி) வாங்கி வைத்திருக்கிறேன், இலை ஒவ்வொன்றாக விழுகிறது, தண்ணீர் கூட்டலாமா, செடி பிழைக்குமா, பழம் ஏதும் காய்க்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பிழைக்கும். தண்ணீரைக் கூட்டாதீர்கள். பழம் வராது. அவசரமென்றால் இதோடு போதும். காரணம் தெரிய வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது ‘பாம்பினோ’ என்ற குட்டை ரகம். இலை சிறியது, நெருக்கமாக, நிமிர்ந்து நிற்கும். சிறிய வீட்டுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் உருவம் குட்டையே தவிர குணம் பெரிய மரத்தின் குணம். மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நில மழைக்காடுகள்தான் இதற்குப் பிறந்த இடம். அங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். வடக்கே 50 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்தான், அதுவும் மேகம் விட்டால். வெளிச்சம் குறைந்தால் செடி வளர்வது குறையும். வேர் தண்ணீர் குடிப்பதும் குறையும். நாமோ கோடையில் ஊற்றிய அளவையே ஊற்றிக்கொண்டிருப்போம். ஈரத்திலேயே கிடக்கும் வேர் காற்றில்லாமல் அழுகும். வேர் அழுகினால் இலைக்குத் தண்ணீர் ஏறாது, இலை தொங்கும். அதைப் பார்த்து ‘ஐயோ, வாடுகிறதே’ என்று இன்னொரு குவளை ஊற்றுவோம். கதை முடிந்தது.

எனவே ‘வாரம் ஒரு முறை’ என்று நாள் குறித்து ஊற்றுவதை விடுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். உள்ளே ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வழியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியை அழகான வெளிச்சட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறீர்களா? அதைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஒரு குட்டையே நிற்கலாம். குழாயிலிருந்து சில்லென்று வரும் நீரும் வேண்டாம், அறைச்சூட்டுக்கு வந்த நீர் நல்லது. மண்ணைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசு போல ஏதாவது பறந்தால், ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

அடுத்தது இடம். குளிர் நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழேதான் பதித்திருப்பார்கள். வீட்டிலேயே வெளிச்சம் அதிகமான இடமும் அதுதான், அடுப்பு போல வறண்ட காற்று எழும்பும் இடமும் அதுதான். நீங்கள் செடியை ஜன்னல் திட்டில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பகலில் கீழிருந்து சூடு. இரவில் திரையை இழுத்துவிட்டால் செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், பனிபோலக் குளிர்ந்த கண்ணாடியில் இலை ஒட்டும். ஒட்டிய இடம் கருகும். ஒரு முக்காலி போட்டு ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ரேடியேட்டரின் சூடு நேரே படாதபடி வையுங்கள். இரவில் செடி திரைக்கு இந்தப் பக்கம், அறைக்குள் இருக்கட்டும். காலையில் காற்று மாற்ற ஜன்னலைத் திறக்கும்போது பனிக்காற்று அதன்மேல் அடிக்கக் கூடாது.

இடம் பார்த்து வைத்தபின் தயவுசெய்து அதை நகர்த்திக்கொண்டே இருக்காதீர்கள். இது இடம் மாறினாலே இலை உதிர்க்கும் சாதி. கடையிலிருந்து வந்த புதிதில் அடியிலுள்ள பழைய இலைகள் சில விழுவது சகஜம். பயப்பட வேண்டியது கொழுந்து கருகும்போதுதான்.

விழுந்த இலையைக் குப்பையில் போடுமுன் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் மட்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் வறட்சி: காற்றிலோ மண்ணிலோ. நடுவிலோ காம்புப் பக்கமோ கரும்பழுப்பாக, தொட்டால் மெத்தென்று இருந்தால் வேர்ப் பிரச்சினை. இளம் இலையில் சிவந்த பொடிப் புள்ளிகள் மட்டும் என்றால் தண்ணீர் ஒரேயடியாகக் கூடிக் குறைந்திருக்கிறது. இலை பெரிதாகும்போது அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மங்கிவிடும். இலையில் வெளிறிய பொடிப் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் அது செஞ்சிலந்திப் பேன். ஹீட்டர் ஓடும் வறண்ட அறை அதற்குக் கொண்டாட்டம். வெதுவெதுப்பான ஷவரில் இலையின் இருபக்கமும் கழுவி, சில நாள் விட்டு மறுபடி கழுவுங்கள். தினமும் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் கூடும் என்பதை நான் நம்புவதில்லை. தெளித்த ஈரம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஈரப்பதமூட்டி இருந்தால் 40 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். உங்கள் மூக்குக்கும் தொண்டைக்கும்கூட நல்லது. ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைப்பதை மட்டும் விடாதீர்கள், வருகிற கொஞ்ச வெளிச்சமும் தூசியில் போய்விடக் கூடாது.

ஜன்னல் வடக்குப் பார்த்ததா? அப்படியென்றால் குளிர்காலத்தில் நேர் வெயில் வராது, வெள்ளை எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்று வாங்குங்கள். டைமர் போட்டு நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். குளிர்காலத்தில் நீங்கள் செலவு செய்யத் தகுந்த ஒரே பொருள் அதுதான், உரம் அல்ல. உரம், தொட்டி மாற்றுவது, நுனி கிள்ளுவது எல்லாம் வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள். தொட்டி மாற்றும்போதும் ஒரேயடியாகப் பெரியது வேண்டாம். விட்டத்தில் 5 செ.மீ. கூடினால் போதும். நுனியைக் கிள்ளினால் ஆலம்பால் போல வெள்ளைப் பால் வடியும், எல்லாம் ஒரே அத்தி இனம்தானே. தோலில் பட்டால் அரிக்கலாம், வாடகை வீட்டுக் கம்பளத்தில் பட்டால் கறை போகாது. பூனை வளர்க்கிறீர்கள் என்றால் எட்டாத இடத்தில் வையுங்கள், கடித்தால் அதற்கு வாயும் வயிறும் கெடும்.

பழம் வேண்டுமென்றால் இது வேறு, தின்னும் அத்தி வேறு. தின்னும் அத்தியிலும் தொட்டிக்கான குட்டை ரகங்கள் உண்டு. ஆனால் அது குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, குளிர்ந்த இடத்தில் தூங்க வேண்டிய மரம். வரவேற்பறைச் சூட்டில் வைத்தால் அதற்குத் தூக்கமும் இல்லை, உங்களுக்குப் பழமும் இல்லை. பால்கனி கிடைத்தபின் யோசியுங்கள்.

கடைசியாக, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டீர்களே. குளிர்காலமென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு யாரும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பாசத்தில் தினமும் ஊற்றுவதைவிடக் காய்ந்து கிடப்பதே மேல். கிளம்பும் அன்று நன்றாக ஊற்றி வடியவிடுங்கள். ஹீட்டரை மட்டும் முழுக்க அணைத்துவிடாதீர்கள்; 15 டிகிரியில் விட்டுப் போங்கள், குழாய் உறையாமலும் இருக்கும்.