பாதி அப்டேட் கூடாது: ரோலிங் லினக்ஸ் கேள்வி–பதில்

ஆர்ச், டம்பிள்வீட் போன்ற ரோலிங் லினக்ஸ் (பெரிய பதிப்புக்குக் காத்திராமல் தொடர்ந்து அப்டேட் ஆகிக்கொண்டே இருப்பவை) பற்றிய கேள்விகளுக்கே இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக் கூடாது. ‘-எஸ்ஒய்யு’ என்றால் எஸ் பெரியது, ஒய்யும் யுவும் சின்னவை.

கேள்வி: 256 ஜிபி எஸ்எஸ்டியில் ஆர்ச் நிறுவப் போகிறேன். பூட் பார்ட்டிஷனுக்கு 100 எம்பி போதும் என்று ஒரு பழைய குறிப்பில் படித்தேன். சரியா?

போதாது. 1 ஜிபி கொடுங்கள். லினக்ஸின் மையமான கெர்னல் கோப்பு சிறியதுதான். பூட் ஆகும் தொடக்கத்தில் தேவைப்படும் டிரைவர்களைச் சுமந்து கூடவே உருவாகும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புதான் இடத்தை விழுங்கும். என்விடியா டிரைவரும் அதில் சேர்ந்தால் ஒரு கோப்பே 100 எம்பியைத் தாண்டிவிடலாம். பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டால் அந்தக் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோகும். அப்டேட் ஓடும் நேரத்தில் திரையில் ஒரே ஒரு எச்சரிக்கை வரி ஓடி மறையும். அதைக் கவனிக்காமல் ரீபூட் செய்தால் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக்கில் நிற்கும்.

மீதி இடம் முழுவதையும் ஒரே பிடிஆர்எஃப்எஸ் (அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாகப் பதிந்து வைக்கும் கோப்பு முறைமை) பார்ட்டிஷனாக வைத்து, ரூட்டுக்கு ‘@’, ஹோமுக்கு ‘@ஹோம்’ என்று சப்வால்யூம் (பார்ட்டிஷனுக்குள் தனிப் பிரிவு) பிரியுங்கள். இடத்தை இரண்டும் பொதுவில் பயன்படுத்திக்கொள்ளும், எது எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டாம். லாகுகளுக்கும், பேக்மேன் (ஆர்ச்சில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) இறக்கி வைக்கும் கேஷுக்கும் தனி சப்வால்யூம் இருந்தால், ரூட்டைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினாலும் அவை அப்படியே கையில் இருக்கும். 2021 முதல் ஆர்ச்சின் ஐஎஸ்ஓவிலேயே (நிறுவல் கோப்பு) வரும் ஆர்ச்இன்ஸ்டால் கருவி இந்தப் பிரிப்பைத் தானே செய்து தரும். ஸ்வாப்புக்கு இசட்ரேம் (ரேமிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) போதும். ஹைபர்னேட் வேண்டுமென்றால் மட்டும் டிஸ்க்கில் ஸ்வாப் வையுங்கள்.

தொடங்கும் முன் பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். ஆர்ச்சின் ஐஎஸ்ஓ அதை ஏற்காது. பென்டிரைவிலிருந்து பூட் ஆனதும் ‘கேட் /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ/எஃப்டபிள்யூ_பிளாட்ஃபார்ம்_சைஸ்’ தட்டிப் பாருங்கள். 64 என்று வந்தால் யுஇஎஃப்ஐ முறையில் இருக்கிறீர்கள். கோப்பே இல்லை என்றால் பழைய பயாஸ் முறை. அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி சரியாக பூட் செய்யுங்கள்.

கையால் நிறுவுகிறவர்கள், பேக்கேஜ்களை டிஸ்க்கில் இறக்கும் பேக்ஸ்ட்ராப் கட்டளையில் பேஸ், லினக்ஸ், லினக்ஸ்-எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள இரண்டாவது கெர்னல்), லினக்ஸ்-ஃபர்ம்வேர் ஆகியவற்றோடு உங்கள் பிராசஸருக்கான மைக்ரோகோடையும், ஒரு எடிட்டரையும், நெட்வொர்க்மேனேஜரையும் சேர்த்துவிடுங்கள். அடிக்கடி விட்டுப்போவது கடைசியில் சொன்னதுதான். ஐஎஸ்ஓவில் வைஃபை வேலை செய்ததே என்ற நம்பிக்கையில் ரீபூட் செய்தால், நிறுவிய சிஸ்டத்தில் நெட்டும் இருக்காது, நெட்வொர்க்மேனேஜரை இறக்க வழியும் இருக்காது. நிறுவினால் மட்டும் போதாது, ‘சிஸ்டம்சிடிஎல் எனேபிள்’ கொடுக்கவும் வேண்டும். பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்த பிறகுதான், எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற எஃப்எஸ்டேப் பட்டியலை எழுதும் ஜென்எஃப்எஸ்டேப் ஓட்ட வேண்டும். எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து அதற்கான வரி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏன் என்று அடுத்தடுத்த பதில்களில் புரியும்.

கேள்வி: பிரவுசர் மட்டும் புதிதாக வேண்டும் என்று ‘பேக்மேன் -எஸ்ஒய் ஃபயர்ஃபாக்ஸ்’ கொடுத்தேன். இப்போது வேறு சில புரோகிராம்கள் ‘லிப்ஐசியுயுசி.எஸ்ஓ கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்கின்றன. அவற்றை நான் தொடவே இல்லையே?

நீங்கள் தொடவில்லை, ஆனால் அவை நின்றிருந்த தரையை எடுத்துவிட்டீர்கள். ரோலிங் சிஸ்டத்தில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஐசியு என்பது யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் பொது லைப்ரரி. அதன் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டியிருக்கும், 75 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சிஸ்டத்தில் உள்ள பல புரோகிராம்கள் அந்த 75ஐப் பெயர் சொல்லித் தேடும்படி கட்டப்பட்டவை. ரெப்போவில் (ஆர்ச்சின் பேக்கேஜ் கிடங்கு) 76 வரும்போது, அதை நம்பியிருக்கும் எல்லாப் பேக்கேஜ்களையும் திரும்பக் கட்டி ஒரே கூட்டாக வெளியிடுகிறார்கள். நீங்கள் ‘-எஸ்ஒய்’ கொடுத்ததும் பட்டியல் புதிதாயிற்று. ஒரு பேக்கேஜ் மட்டும் கேட்டீர்கள், அது தனக்கு வேண்டிய 76ஐ இழுத்து வந்தது. 76 உட்கார்ந்ததும் 75 அழிந்தது. மற்ற புரோகிராம்கள் இன்னும் 75ஐத் தேடிக்கொண்டிருக்கின்றன.

தீர்வு, கூட்டை முழுசாக இறக்குவதுதான்: ‘சுடோ பேக்மேன் -எஸ்ஒய்யு’. சில நேரம் பேக்மேனுக்கு வேண்டிய லைப்ரரியே போயிருக்கும், அதுவும் ஓடாது. பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓ பென்டிரைவில் பூட் செய்து, ரூட் சப்வால்யூமை ‘/எம்என்டி’யிலும் பூட் பார்ட்டிஷனை ‘/எம்என்டி/பூட்’டிலும் மவுண்ட் செய்யுங்கள். பிறகு ‘பேக்மேன் --சிஸ்ரூட் /எம்என்டி -எஸ்ஒய்யு’ ஓட்டுங்கள். பென்டிரைவில் உள்ள நல்ல பேக்மேன், உங்கள் டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்தைச் சரிசெய்துவிடும்.

புதுப் பேக்கேஜ் நிறுவும்போது ஒய் இல்லாமல் வெறும் ‘-எஸ்’ கொடுங்கள். 404 என்று வந்தால், உங்கள் பட்டியல் பழசு, மிரரில் (ரெப்போவின் நகல் சர்வர்) அந்தப் பதிப்பு இல்லை என்று பொருள். முழு அப்டேட் செய்துவிட்டு நிறுவுங்கள். இன்று ‘-எஸ்ஒய்’ தட்டிவிட்டு நாளை ‘-எஸ்’ கொடுப்பதும் அதே தப்புதான், இரண்டு தவணையில் நடக்கிறது, அவ்வளவே. அப்டேட்டிலிருந்து விலக்கும் இக்னோர்பிகேஜி வரியில் ஒரு பேக்கேஜை மாதக்கணக்கில் பிடித்து வைப்பதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

டம்பிள்வீட்காரர்களுக்கு: அங்கே கட்டளை ‘ஜிப்பர் டப்’. ‘ஜிப்பர் அப்’ அல்ல. ரெப்போவில் ஒன்று நீக்கப்பட்டாலோ பதிப்பு பின்னோக்கிப் போனாலோ டப்தான் அதை அப்படியே பின்பற்றும்.

கேள்வி: அப்டேட் முடிந்த கையோடு பென்டிரைவ் செருகினால் தெரியவில்லை. ரீபூட் செய்தால் வந்துவிடுகிறது. போர்ட் பழுதா?

போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல், அதன் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் துண்டுகள்) இருந்த ஃபோல்டரை அப்டேட் அழித்துவிட்டது. ‘யுநேம் -ஆர்’ காட்டும் எண்ணையும் ‘/யுஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ்’ உள்ளே இருக்கும் ஃபோல்டர் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தாது. கெர்னல் அப்டேட் ஆனால் ரீபூட் செய்துவிடுங்கள்.

ரீபூட் செய்த பிறகும் பொருந்தவில்லை என்றால் விஷயம் வேறு. அப்டேட் ஓடிய நேரத்தில் பூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகவில்லை. புதுக் கெர்னல் அந்தப் பார்ட்டிஷனுக்குள் போகாமல், ரூட்டில் அதே பெயரில் இருக்கும் வெற்று ஃபோல்டருக்குள் விழுந்துவிட்டது. பூட் ஆவது பழைய கெர்னல், டிஸ்க்கில் இருப்பது புது மாட்யூல்கள். பழைய கெர்னலுக்கு விஃபேட் மாட்யூல்கூடக் கிடைக்காததால் பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய முடியாமல் எமர்ஜென்சி மோடில் நிற்கும். வைஃபையும் இருக்காது.

ஐஎஸ்ஓவில் பூட் செய்து ரூட்டை மட்டும் மவுண்ட் செய்து ‘/எம்என்டி/பூட்’ உள்ளே எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு கெர்னல் கோப்பு படுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதை அழித்துவிட்டு, பூட் பார்ட்டிஷனை அதன் இடத்தில் மவுண்ட் செய்து, ‘ஆர்ச்-க்ரூட் /எம்என்டி’ வழியே உள்ளே போய் ‘பேக்மேன் -எஸ்ஒய்யு லினக்ஸ் லினக்ஸ்-எல்டிஎஸ்’ கொடுங்கள். இரண்டு கெர்னலும் சரியான இடத்தில் உட்கார்ந்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸும் புதிதாக உருவாகும். வெளியே வரும் முன் எஃப்எஸ்டேப்பில் விட்டுப்போன வரியைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த கெர்னலுக்கு இதே கதைதான்.

கேள்வி: ஆறு மாதம் திறக்காத லேப்டாப். அப்டேட் செய்தால் கையொப்பம் ‘அன்னோன் டிரஸ்ட்’ என்கிறது. திரும்ப நிறுவத்தான் வேண்டுமா?

வேண்டாம். பேக்கேஜ்களில் கையொப்பமிடுவோரின் சாவிகள் இடையில் மாறியிருக்கும், உங்கள் சாவிக்கொத்து பழசு. முதலில் கடிகாரம் சரியா என்று பாருங்கள். தேதி தப்பாக இருந்தாலும் இதே பிழை வரும். பிறகு ‘பேக்மேன் -எஸ்ஒய் ஆர்ச்லினக்ஸ்-கீரிங்’ கொடுத்து, அது முடிந்ததும் தாமதிக்காமல் ‘பேக்மேன் -எஸ்யு’. மேலே கூடாது என்று சொன்ன ‘-எஸ்ஒய்’க்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

அதற்கும் முன்னால், விட்டுப்போன மாதங்களின் அறிவிப்புகளை ஆர்ச்சின் முகப்புப் பக்கத்தில் படித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டுகளாகப் பிரித்தபோது, சிலருக்குக் கோப்பு மோதல் என்று அப்டேட் நின்றது. பழையதை ‘-ஆர்டிடி’ (ஆர் பெரியது) கொடுத்து நீக்கிவிட்டு முழு அப்டேட்டோடு புதியதைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. ஃபோர்ஸ் செய்து மேலெழுதிப் பார்த்தவர்கள்தான் சிக்கலை வளர்த்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் ‘பேக்டிஃப்’ ஓட்டுங்கள். நீங்கள் திருத்தி வைத்த அமைப்புக் கோப்பை பேக்மேன் மேலெழுதாது. புதியதைப் பக்கத்தில் ‘.பேக்நியூ’ என்று வைத்துவிட்டுப் போகும். அவற்றை ஒப்பிட்டுச் சேர்க்காமல் விட்டால், பழைய அமைப்பைப் புதுப் புரோகிராம் புரிந்துகொள்ளாமல் போகும் நாள் வரும். க்ரப் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: க்ரப் பேக்கேஜ் புதிதானாலும் டிஸ்க்கில் நிறுவிய பூட்லோடர் தானாகப் புதிதாகாது. 2022 ஆகஸ்டில் பலர் சிஸ்டம் பூட் ஆகாமல் நின்றதற்கு இந்த இடைவெளிதான் காரணம். ‘க்ரப்-இன்ஸ்டால்’, ‘க்ரப்-எம்கேகான்ஃபிக்’ இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

கேள்வி: ஏயுஆரை நம்பலாமா?

ஏயுஆர் என்பது ஆர்ச் பயனர்களே நடத்தும் பேக்கேஜ் கிடங்கு, யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய இடம் அது. 2025 ஜூலையில் பிரவுசர் பேட்ச் என்ற பெயரில் ஏற்றப்பட்ட மூன்று பேக்கேஜ்கள், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் தீநிரலை இறக்கின. இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள். ஆகவே பேக்கேஜைக் கட்டும் குறிப்பான பிகேஜிபில்டைப் படியுங்கள். சோர்ஸ் வரியில் உள்ள முகவரி அந்த மென்பொருளின் சொந்த முகவரியா, ‘.இன்ஸ்டால்’ கோப்பில் தேவையில்லாமல் எதையாவது இறக்கி ஓட்டுகிறதா என்று பார்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பைதான் 3.12லிருந்து 3.13 என்பது போல மாறும்போது, ஏயுஆரிலிருந்து வந்த பைதான் பேக்கேஜ்களை நீங்கள்தான் திரும்பக் கட்ட வேண்டும். ரெப்போ அவற்றுக்குப் பொறுப்பல்ல.

கேள்வி: புதுசு உடனே வருவதால் எக்ஸ்இசட் போன்ற ஆபத்தும் முதலில் நமக்குத்தானே?

உண்மைதான். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளிந்திருந்த பின்வாசல் 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. டம்பிள்வீட்டில் அந்தப் பதிப்பு மார்ச் 7 முதல் 28 வரை இருந்தது. ஆர்ச்சிலும் வந்தது, ஆனால் அங்கே எஸ்எஸ்எச் சர்வர் அந்த லைப்ரரியோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. அதே வேகத்தில்தான் திருத்தமும் வந்து சேர்ந்தது. வாரம் ஒருமுறை முழு அப்டேட் செய்கிறவருக்கு ரோலிங் பாதுகாப்பானது என்பதே எங்கள் கருத்து. ஆறு மாதம் தள்ளிப்போடுகிறவருக்கு அல்ல.

கேள்வி: ஸ்னாப்ஷாட் இருந்தால் பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான், டிஸ்க் போனால் அதுவும் போகும். இன்னொன்று: உங்கள் கெர்னல் தனி பூட் பார்ட்டிஷனில் இருந்தால் ஸ்னாப்ஷாட்டில் அது அடங்காது. ரூட்டை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பினால் மாட்யூல்கள் பழசு, கெர்னல் புதுசு, மேலே சொன்ன அதே பொருத்தமின்மை தலைகீழாக வரும். திருப்பிய பிறகு க்ரூட் செய்து, ‘/வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி’யில் இருக்கும் அந்தப் பழைய கெர்னல் பேக்கேஜை ‘பேக்மேன் -யு’ (யு பெரியது) கொடுத்து நிறுவுங்கள். ‘பேக்கேஷ் -ஆர்’ ஒவ்வொரு பேக்கேஜிலும் கடைசி மூன்று பதிப்புகளை விட்டுவைத்துத்தான் மற்றவற்றை அழிக்கும். கேஷை ஒரேயடியாகத் துடைத்துவிட்டால் அந்தக் கெர்னலுக்கு எங்கே போவீர்கள்?